இருபத்து மூன்று சக்கர நாற்காலிகளும் ஒரு மலைப்பாதையும்

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு செயலி வந்திருக்கிறது. கைபேசியில் ஒரு கோடு தெரியும். அதை விரலால் இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும். இடது முனையில் "கொஞ்சம் முடியும்", வலது முனையில் "நிறைய முடியும்". நீங்கள் இழுத்து நிறுத்துகிற இடத்தைப் பார்த்து, எந்த மலைப்பாதையில் நடக்கலாம் என்று அது சொல்லும். இதைச் செய்ய இரண்டு வருடம் எடுத்தார்களாம். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, கேக் தந்து, காட்டினார்கள்.

"ஹெர் சிவா, உங்கள் காலத்தில் யாருக்கு எது முடியும் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்.

கண்டுபிடிக்கவில்லை. கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை. இதை அங்கேயே சொல்லியிருப்பேன், வாய் நிறையக் கேக் இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். எங்கள் ஊரில் மேடு என்றால் ரயில் தண்டவாளம்தான். அகதியாக ஜேர்மனிக்கு வந்தபோது, பவேரியாவின் தெற்கு எல்லையில், ஆஸ்திரியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டார்கள். நாலு பக்கமும் மலை. ஹோட்டலில் கோப்பை கழுவினேன். பிறகு ஊராட்சியில் பனி அள்ளினேன். பிறகு மலைப்பாதைகளில் விழுந்த மரங்களை வெட்டினேன். மூன்று வாரம் ஒரு வகுப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நான் பாதைப் பொறுப்பாளர். இருபத்தாறு வருடம் அதுதான் வேலை.

பள்ளத்தாக்குக்கு வருகிறவர்களுக்கு நடைப்பயணம் திட்டமிடுவது எங்கள் பகுதியின் கடமை. எளிய பாதைக்கு நீலப் புள்ளி, நடுத்தரத்துக்குச் சிவப்பு, விழுந்தால் சாவு என்றால் கறுப்பு. இந்த மூன்றும் நடக்கத் தெரிந்தவர்களுக்கு. நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் ஆகியோருக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர்கள் வாகனத் தரிப்பிடத்தில் நின்று மலையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இதை மாற்ற வேண்டும் என்று நினைத்தவர் என் மேலதிகாரி ரைட்மையர். நூற்றுப் பத்துக் கிலோ மனிதர். அதிகம் பேசமாட்டார். "ஸோ" என்று ஒரு சொல் வைத்திருந்தார். வேலை முடிந்தாலும் ஸோ, வேலை கெட்டாலும் ஸோ. எந்த ஸோ என்று அவர் காதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கோபம் என்றால் காது சிவக்கும்.

சக்கர நாற்காலிக்கான பாதைக்கு விதிகள் உண்டு. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. பக்கச் சரிவு நூற்றுக்கு இரண்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நாற்காலி தானாக ஓடைப் பக்கம் போகும். வேலியில் இருக்கும் படலைக் கதவு தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம் வேண்டும். நான் ரசமட்டத்தோடு ஐந்தைந்து மீட்டராகத் தவழ்ந்து அளப்பேன். அளந்து கொண்டுபோய்க் கொடுத்தால் ரைட்மையர் பார்க்கவும் மாட்டார்.

"தாளில் எல்லாப் பாதையும் தட்டைதான்" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு சோதனை. அலுவலகச் சக்கர நாற்காலியில் ஏறி உட்காருவார். மடியில் ஒரு மரப்பலகை. பலகையில் விளிம்புவரை ஊற்றிய கோப்பி. நான் தள்ள வேண்டும். கோப்பி சிந்தினால் பாதை தோல்வி. சிந்திய இடத்தில் நான் சிவப்பு வண்ணம் தெளிக்க வேண்டும். மறுநாள் அந்த இடத்தைத் தோண்டி, நொறுக்குக் கல் நிரப்பி, தண்ணீர் ஊற்றி, உருளையால் அமுக்க வேண்டும். அடுத்த நாள் திரும்பவும் கோப்பி. நூற்றுப் பத்துக் கிலோவை நான் எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருப்பேன் என்று கடவுளுக்குத் தெரியும், என் முதுகுக்கும் தெரியும். தரிப்பிடத்தில் நிற்கிற சுற்றுலாக்காரர்கள் என்னைப் பார்த்து, "எவ்வளவு அன்பான பராமரிப்பாளர்" என்பார்கள். ரைட்மையர் அவர்களுக்குக் கையசைப்பார்.

பைத்தியக்கார வேலை என்று வீட்டில் மனைவியிடம் கத்துவேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரசமட்டம் சரி என்று சொன்ன இடத்தில் கோப்பி சிந்தியிருக்கிறது. தோண்டிப் பார்த்தால் அடியில் வேர் ஓடும்.

இதற்கு எதிர்மாறானது மேலிடத்து வேலை. கண் தெரியாதவர்களுக்காகப் புடைப்பு எழுத்துப் பலகைகள் வைக்கும்படி ஒருமுறை உத்தரவு வந்தது. அழகான வெண்கலப் பலகை. யாரோ வந்து நட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அலோய்ஸ் என்கிற விவசாயி தன் மாடுகளுக்கு மின்வேலி போட்டார். சரியாகப் பலகைக்கு ஒரு சாண் முன்னால். முதலில் வாசிக்க வந்தவர் ஓய்வுபெற்ற இசை ஆசிரியர் ஒருவர். கையை நீட்டினார். துள்ளிப் பின்னால் வந்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இதுதான் தலைப்பா?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலோய்ஸின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் ஊர்ச் சபையில் உறுப்பினர் வேறு. "பலகை மாட்டுக்குத் தெரியாது" என்றார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓடைக்கரைப் பாதை. தரிப்பிடத்திலிருந்து ஓடையை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு ஆல்ம் வரும். ஆல்ம் என்றால் கோடையில் மாடு மேய்க்கிறவர்கள் தங்கும் மலைவீடு, பாலும் சீஸும் கேக்கும் விற்பார்கள். அந்த இரண்டு கிலோமீட்டரையும் எல்லோருக்குமான பாதையாக்க எனக்கும் ரைட்மையருக்கும் இரண்டு வருடம் போனது. கடைசி ஏற்றத்தில் மட்டும் மூன்று வாரம் நின்றோம். பாதை அலோய்ஸின் புல்வெளியை வெட்டிப்போனது. ஊர்ச் சபை ஒரு நிபந்தனை போட்டது. ஒரு கோடைக்குச் சோதனையாக விடலாம். ஆட்கள் வந்தால் பாதை நிற்கும். வராவிட்டால் கல்லைக் கிளறிவிட்டுப் புல் விதைத்து அலோய்ஸிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கோடை முழுக்க மழை. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அலோய்ஸ் படலையில் சாய்ந்து நின்று தினமும் எண்ணினார்.

செப்டம்பரில் எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. வேறொரு நகரத்துத் தமிழ் முதியோர் சங்கத்தின் தலைவி, புவனா அக்கா. நான் மலையில் வேலை செய்வதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரோடு சேர்த்து இருபத்து நாலு பேர் பஸ் பிடித்து வருகிறார்களாம், நடக்க வழி காட்ட வேண்டுமாம்.

அங்கேதான் நான் பிழை விட்டேன். யார் யாருக்கு என்ன முடியும் என்று கேட்டு, தமிழில் ஒரு தாள் தயாரித்தேன். நாலு கேள்வி. எவ்வளவு தூரம் நடக்க முடியும்? படி ஏற முடியுமா? எவ்வளவு நேரம் நிற்க முடியும்? உதவி ஆள் வேண்டுமா? பார்வையாக இருக்கட்டும் என்று மேலே ஊராட்சியின் சின்னத்தைப் போட்டேன். கீழே "மேற்கூறியவை உண்மை" என்று ஒரு வரியும் கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டேன்.

இருபத்து நாலு உறையும் ஒட்டப்பட்டு வந்தன. இருபத்து மூன்று பேருக்கு ஒன்றும் முடியாது.

"வீட்டுக்குள்ளையே சுவரைப் பிடிச்சுத்தான்." "படியைப் பாத்தாலே தலை சுத்தும்." "நிக்க ஏலாது, இருக்கவும் கஷ்டம்." ஒருவர் மூன்று முத்திரை குத்திய வைத்தியர் கடிதத்தின் பிரதி வைத்திருந்தார். ஒரு அம்மா முழங்கால் எக்ஸ்ரேயை நாலாக மடித்து வைத்திருந்தார். ஒரே ஒருவர், செல்லத்துரை என்று பெயர், எழுபத்தெட்டு வயது, நாலு கேள்விக்கும் நேரான எழுத்தில் ஒரே பதில் எழுதியிருந்தார்: "எல்லாம் ஏலும்."

நல்லது, ஒரு பலசாலியாவது இருக்கிறார் என்று அவர் பெயரை நாற்காலி தள்ளுகிறவர்கள் பட்டியலில் சேர்த்தேன்.

ரைட்மையர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க, அவர் காது வெளுத்துக்கொண்டு போனது. மகிழ்ச்சி. "ஸோ" என்றார். இருபத்து மூன்று பேர் ஒரே நாளில் ஓடைக்கரைப் பாதையில் போனால் அலோய்ஸ் வாயைத் திறக்க முடியாது. உடனே வேலை தொடங்கினார். முதியோர் இல்லத்தில் ஒன்பது சக்கர நாற்காலி, மருத்துவமனையில் எட்டு, தேவாலயத்தில் மூன்று, அலுவலகத்தில் ஒன்று. இன்னும் இரண்டு குறைந்தது. ஊர் நாடகக் குழுவிடம் ஒன்றும், இறந்துபோன ஒரு மனிதரின் விதவையிடம் ஒன்றும் வாங்கினார். தள்ளுவதற்கு ஊர்த் தீயணைப்புப் படைத் தொண்டர்கள் சீருடையில் வந்தார்கள். மேயர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அந்தக் காலை நல்ல வெயில். தரிப்பிடத்தில் இருபத்து மூன்று நாற்காலி வரிசையாக, ஒவ்வொன்றின் பின்னாலும் தலைக்கவசம் போட்ட ஒருவர். பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது.

முதலில் குதித்தது புவனா அக்கா. கையில் புளிச்சாதச் சட்டி. பின்னால் வந்த மனிதர் மலசலகூடத்தைப் பார்த்து ஓடினார். ஓடினார் என்றால் ஓடினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பெண்கள் அலோய்ஸின் மேட்டில் ஏறி மாட்டோடு படம் எடுத்தார்கள். எக்ஸ்ரே வைத்த அம்மா கம்பி வேலியைத் தாண்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"ஸோ" என்றார் ரைட்மையர். காது தீயணைப்பு வண்டி நிறம்.

நான் புவனா அக்காவிடம் போனேன்.

"அக்கா, என்ன இது? ஒருத்தருக்கும் நடக்க ஏலாது எண்டெல்லோ எழுதி அனுப்பினியள்?"

"அது பேப்பருக்கு, தம்பி."

"என்ன பேப்பருக்கு?"

"மேல சின்னம். கீழ கையெழுத்து. ஏலுமோ எண்டு கேள்வி. ஏலும் எண்டு எழுத எங்களுக்கு என்ன விசரே? வெட்டிப்போடுவாங்கள்."

"ஆர் வெட்டுறது? என்னத்தை வெட்டுறது? இது உலாத்தப் போறதுக்கான தாள்!"

"அதை நீங்கள் முன்னமே சொல்லியிருக்க வேணும். நான் சனத்துக்கு ஆன்ராக் எண்டெல்லே சொன்னனான்."

ஆன்ராக் என்றால் விண்ணப்பம். ஜேர்மனியில் வயதானவர்களுக்கு வீட்டு உதவி வேண்டுமென்றால், ஒரு மதிப்பீட்டாளர் கேள்வித் தாளோடு வருவார். முதல்நாள் நாற்பது பேருக்குச் சமைத்த அம்மா, அன்றைக்குக் கட்டிலில் கிடந்து கையைத் தூக்கமாட்டாள். தூக்கினால் உதவி போய்விடும். நானே என் மாமியாரைப் போர்வையால் மூடி வைத்தவன்தான். அதே நான்தான் சின்னமும் போட்டுக் கையெழுத்தும் கேட்டேன். யாரைத் திட்டுவது?

பாதையின் கதையை அக்காவுக்குச் சொன்னேன். மேயர் வருகிறார், ஆட்கள் இல்லையென்றால் பாதையைக் கிளறிவிடுவார்கள் என்றேன்.

"எத்தினை நிமிசம் கிடக்கு?"

"பத்து."

அவர் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு போட்ட சத்தத்தில் மாடுகள் திரும்பின.

"எல்லாரும் ஓடி வந்து இருங்கோ! பரமேஸ், கூலிங்கிளாசைக் கழட்டு. கந்தையாண்ணை, நீங்கள் கொஞ்சம் வாயைத் திறந்தபடி இருங்கோ. ஒருத்தரும் சிரிக்கப்படாது."

இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. இருபத்து மூன்று நோயாளிகள். இவ்வளவு நேர்த்தியான நோயை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை. நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

அப்போதுதான் பஸ் சாரதி கடைசி ஆளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினார். மெலிந்த மனிதர், நீலக் கோட்டு, வாரிய தலை. ஒரு காற்சட்டைக் கால் முழங்காலுக்குக் கீழே மடித்து ஊசி குத்தியிருந்தது.

"நீங்கள்?"

"செல்லத்துரை."

"அண்ணை, உங்களை நாற்காலி தள்ளுறதுக்கெல்லோ போட்டிருக்கிறன்!"

"ஓம், புவனா பட்டியலைக் காட்டினவ. வந்து பாப்பம் எண்டு விட்டிட்டன்."

அவருக்கு நாற்காலி இல்லை. இருபத்து மூன்றிலும் நடக்கக்கூடியவர்கள் இருந்தார்கள். பரமேஸ் அக்கா எழுந்து இடம் கொடுத்தார். மேயரின் வண்டி வரும் சத்தம் கேட்க, பரமேஸ் அக்கா அவசரமாக நொண்டத் தொடங்கினார்.

ஊர்வலம் புறப்பட்டது. மேயர் என்னோடு கடைசியில் நடந்தார். செல்லத்துரை அண்ணையின் நாற்காலியும் கடைசியில்தான். ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்த படலையில் நின்ற அலோய்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினார். இருபத்து மூன்றில் நிறுத்தி, தொப்பியைப் போட்டார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. வென்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

படலையைச் சற்றே தாண்டினோம். எங்கள் பள்ளத்தாக்கில் வானம் யாரையும் கேட்டு மாறுவதில்லை. மேற்கு முகட்டில் கறுத்தது, ஒரு இடி, பிறகு ஆலங்கட்டி. கோலிக்குண்டு அளவு.

இருபத்து இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள்.

ஏற்றத்தில் ஓடினார்கள். சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வாயைத் திறந்தபடி இருந்த கந்தையா அண்ணை தன் சக்கர நாற்காலியைத் தலைக்கு மேல் குடையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் முந்தினார். நொண்டிய பரமேஸ் அக்கா இரண்டாவது. தீயணைப்புப் படை ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, ஏதோ ஆபத்து என்று அவர்கள் பின்னால் ஓடியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். படலையில் அலோய்ஸ் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்.

பாதையில் மிஞ்சியது இருபத்தொரு வெற்று நாற்காலி, ரைட்மையர், மேயர், நான், செல்லத்துரை அண்ணை. அவரைத் தள்ளிய வாலிபனும் ஓடியிருந்தான். அண்ணை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"ஹெர் சிவா," என்றார் மேயர், "நான் இதை எப்படி விளங்கிக்கொள்வது?"

உண்மையைச் சொன்னேன். தாள், சின்னம், கையெழுத்து, பத்து நிமிடம், எல்லாம். என் பிழை என்றேன். பாதை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அவர் செல்லத்துரை அண்ணையைக் காட்டினார். "இவர் எப்போது ஓடுவார்?"

"என்னவாம்?" என்றார் அண்ணை.

சொன்னேன். அவர் கோட்டு நுனியை விலக்கி மடித்த காலைக் காட்டினார். மேயர் தன் தொப்பியைக் கழற்றி அண்ணையின் தலையில் வைத்தார். கைபிடியைப் பிடித்தார். நான் குறுக்கே போனேன். "விடுங்கள்" என்றார்.

மீதி ஐந்நூறு மீட்டர். கடைசி ஏற்றம் அதில்தான் இருக்கிறது. ஆலங்கட்டி கல்லில் விழுந்து துள்ளி ஓடைப்பக்கம் உருண்டது. தண்ணீர் எங்கும் தேங்கவில்லை. நாற்காலிச் சில்லு எங்கும் புதையவில்லை. மேயருக்கு மட்டும் மூச்சு வாங்கியது. பாதி வழியில், "எல்லாம் முடியும் என்று ஏன் எழுதினாராம்?" என்று கேட்டார்.

அண்ணையிடம் கேட்டேன்.

"ஏலாது எண்டு எழுதினா, 'நீங்கள் வீட்டில இருங்கோ அண்ணை, ஏன் அலையிறியள்' எண்டு அன்பாச் சொல்லுவினம்," என்றார் செல்லத்துரை அண்ணை. "மூண்டு வருசமா நான் ஆஸ்பத்திரியைத் தவிர ஒரு இடமும் போகேல்லை. அவரிட்டச் சொல்லுங்கோ, தள்ளினது போதும், களைச்சா நிக்கச் சொல்லி."

நான் மொழிபெயர்த்தேன். மேயர் நிற்கவில்லை.

ஆல்மில் இருபத்து மூன்று பேரும் நனைந்த தலையோடு, முன்னால் இருந்த கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சரிவுப் பலகையில் நாற்காலி ஏறி உள்ளே வந்தபோது புவனா அக்கா எழுந்தார்.

"அண்ணை, உங்களை மறந்திட்டம்."

"பறவாயில்லை. தொப்பி கிடைச்சது."

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஊர்ச் சபை கூடியது. நான் பதினொரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு ஐந்து மீட்டருக்கும் அளவு, வடிகால், விதி இலக்கம், மன்னிப்பு ஒரு பக்கம். ஜேர்மன் இலக்கணத்தை மகள் திருத்தித் தந்தாள். ரைட்மையர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பாதை ஏழாவது விஷயம். மேயர் தாளைப் பார்த்து வாசித்தார்.

அலோய்ஸ் கை தூக்கினார். "அன்றைக்கு உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள்?"

"ஒருவர்" என்றார் மேயர். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நான் தள்ளினேன். ஆலங்கட்டியில் தள்ளினேன். நாற்காலி போனது. பாதை இருக்கட்டும் என்பவர்கள்?"

கைகள் உயர்ந்தன. அலோய்ஸின் கை கடைசியாக, காது சொறிகிற மாதிரி, உயர்ந்தது.

"நல்லது. எட்டாவது விஷயம், பள்ளிக்கூடக் குப்பைத் தொட்டிகள்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். ஒரு நாயும் ஒரு பக்கத்தைக்கூடக் கேட்கவில்லை.